சின்னக் காயம் என்றால் சின்னக் காயம்தான்

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம், அங்கே உங்கள் சுகம் எப்படி என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன கிழமை அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தது. மாமாவும் நானும் ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில நாள் வைத்திருந்து மருந்து கொடுத்தார்கள். முந்தாநாள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். முன் அறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்துகொண்டு, நான் யாருக்கு எழுதுகிறேன் என்று எட்டிப் பார்க்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார். இதை நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். உன்னை நம்பவைக்கத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்றுத்தான் மாமா என்னிடம் ஒரு விசயத்தைச் சொன்னார். வாவிப் பாலம் கொஞ்ச நேரம் திறந்தபோது உங்கள் பக்கம் போன ஒருவரிடம், "மருமகனக் கண்டா, அப்பாக்குக் கொஞ்சம் சுகமில்ல, பயப்பட ஒண்டுமில்ல எண்டு சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினாராம். "அண்ணன், உங்களுக்குப் புத்தி எங்க போன? அந்தக் கதைக்கு எங்கட ஊரில என்ன அர்த்தமெண்டு தெரியாதா?" என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நீ அதைக் கேட்ட அந்த நிமிடமே அப்பா செத்துவிட்டார் என்று முடிவெடுத்திருப்பாய். பாலம் பூட்டியிருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆகவே தோணிக்கு ஆள் தேடுவாய். வாவியில் இப்போது அசைகிற எதையும் ஆமிக்காரர் சுடுகிறார்கள், மகன். அந்தப் பக்கம் போனும் எடுபடாது. நாளைக் காலையில் பாதிரியார் ஒருவருடைய வாகனத்துக்கு மட்டும் பாலத்தால் போக அனுமதி கிடைத்திருக்கிறது. அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரை தோணிக்காரரிடம் பேசாதே. படித்து முடித்த பிறகும் பேசாதே.

உன் கலியாணத்தன்று நான் அழுததை எல்லோரும் பார்த்தார்கள். நம் ஊரில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவான், அது எனக்கும் தெரிந்ததுதான். உன் அப்பாவும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தார். ஆனால் நீ வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போகிறாய், அங்கே இயக்கப் பொடியன்களின் ராச்சியம் நடக்கிறது என்ற நினைப்பில்தான் அழுதேன். அப்பா அழவில்லை. தன்னுடைய ரேடியோவைத் துடைத்து, தோல் உறையில் போட்டு, உன் பெட்டிக்குள் வைத்தார். "போற இடத்தில ஒரு ரேடியோதான் பேசும். நீ மற்றதையும் கேளு" என்று சொன்னார். இருபது வருசமாக ஒரே ரேடியோவைக் கேட்ட மனிதர் சொன்ன புத்தி அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

உனக்கு ஒன்பது வயதில் நடந்ததில் உன் பாதி மொட்டை மட்டும்தான் உனக்கு ஞாபகம். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று இன்றைக்கும் குறை சொல்வாய். அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை நான் உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. சிரிப்புக் கதையாகவே இந்த வீட்டில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு முழுதாகக் கேள்.

அந்தக் காலத்தில் பின்னேரம் ஆனால் நம் வீட்டில் யுத்தம் தொடங்கிவிடும். அப்பா இயக்கப் பொடியன்கள் நடத்துகிற காட்டு ரேடியோவின் ஆள். மாமா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், கொழும்பு அரசாங்க ரேடியோவின் ஆள். தேத்தண்ணி ஆறிப் போகும், இரண்டு பேரும் கவனிக்க மாட்டார்கள். "பொறுப்பான ஆக்கள் பேர் வெச்சுச் சொல்றதுதான் செய்தி, மச்சான்" என்பார் மாமா. "அவங்கட ஹெலி எங்கட ஆக்களச் சுட்டா அத அவங்களே சொல்லுவாங்களா?" என்பார் அப்பா. "அப்ப உங்கட பொடியனுகள் பின்வாங்கினா அத அவனுகள் சொல்லுவானுகளா?" என்று மாமா திருப்பிக் கேட்பார். லண்டன் செய்திக்கு மட்டும் இரண்டு பேரும் வாயை மூடுவார்கள். அது முடிந்ததும், லண்டன் தன்னைத்தான் சரி என்று சொன்னதாக இரண்டு பேரும் எழும்புவார்கள். நான் அப்பாவின் கட்சி. கொழும்பு ரேடியோ பேசத் தொடங்கினாலே, "பொய்ப் பெட்டி திறந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். சண்டையில் ஒரு சட்டம் இருந்தது. ரேடியோ அப்பாவுடையது, நிலையம் மாற்றும் அதன் சிவப்பு ஊசியை அவரைத் தவிர யாரும் அசைக்கக் கூடாது.

அந்த வருசம் வெள்ளாமை வெட்டு முடிந்து, நெல்லுச் சூடு அடிப்பதற்காக அப்பா வவுணதீவுக்கு அங்கால் இருக்கிற நம் வயல் வட்டைக்குப் போயிருந்தார். ஒரு நாள் காலையில் வாவிக்கு மேலால் ஹெலி போனது. வெடிச் சத்தம் கேட்டது. நீயும் நானும் படலையில் நின்று பார்த்தோம், எதிர்க்கரையில் நம் வயல் பக்கமாகப் புகை எழும்பியது. பாலத்தைப் பூட்டிவிட்டார்கள். பின்னேரம் மாமா வழமைபோல வந்து உட்கார்ந்தார், எதிரே சண்டை பிடிக்க ஆளில்லை. அப்பா கடைசியாக மாமாவுக்காகப் பிடித்துவிட்டபடி ஊசி கொழும்பில்தான் நின்றது, செய்தி தொடங்கியது. படுவான்கரையில் பயங்கரவாதிகளின் முகாம் ஒன்று அழிக்கப்பட்டது, பொதுமக்களுக்கு எவ்விதச் சேதமும் இல்லை என்று சொன்னார்கள். நான் குசினிக்குள் போகவில்லை, மகன். அந்தப் பொய்ப் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "பாத்தீங்களா அண்ணன், சனத்துக்கு ஒண்டுமில்லையாம்" என்றேன். என் வாயால் வந்த கதைதான் அது.

மாமா கையை நீட்டி, அப்பாவின் ஊசியை மெல்லத் திருப்பி, தான் ஒரு நாளும் விரும்பிக் கேட்காத காட்டு ரேடியோவைப் பிடித்தார். வயலில் வேலை செய்துகொண்டிருந்த அப்பாவிப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள் என்று அதில் சொன்னார்கள். அந்த ரேடியோ சொன்ன ஒரு சொல்லையும் அன்றுவரை நம்பாத மனிதர் அதை அப்படியே நம்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். நானோ, "அவங்க எப்பயும் கூட்டித்தானே சொல்றது" என்று மாமாவின் பழைய கதையை மாமாவிடமே சொன்னேன். பிறகு லண்டன் வந்தது. இரு தரப்பும் முரண்பட்ட தகவல்களைத் தருகின்றன, சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை என்றது. அன்று கேட்டதில் அந்த ஒரு வசனம்தான் உண்மை. ஆனால் அது எங்கள் இரண்டு பேருக்கும் எந்த ஆறுதலும் தரவில்லை, நாங்கள் அதைக் காதில் வாங்கவும் இல்லை.

இதை நான் பல வருசம் யோசித்திருக்கிறேன். கொழும்பு ரேடியோ அன்றைக்குத் திடீரென்று நல்லதாகிவிடவில்லை. அது என் புருசனை எனக்குத் திருப்பித் தந்தது, அதனால் நான் அதை நம்பினேன். மாமாவுக்கு என்மேல் இருந்த பாசம் பயமாக மாறியது, பயந்தவருக்குப் பயங்கரமான செய்திதான் மெய்யாகத் தெரிந்தது. ரேடியோக்காரர்கள் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறோம். கேட்கிற நாங்களும் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஒரு நாள் விட்டு மறுநாள் பாலம் கொஞ்சம் திறந்தது. படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டுவருகிற ஆறுமுகம், சைக்கிளில் முட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் முற்றத்தில்தான் நின்றேன். என்னைக் கண்டும் காணாதவர்போல, "அண்ணன், ஒருக்கா இஞ்சால வாங்க" என்று மாமாவைப் படலைக்கு வெளியே கூப்பிட்டார். செத்த செய்தியைப் பெண்சாதியிடம் நேரே சொல்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே. முதலில் ஆம்பிளை ஒருவரிடம், அதுவும் பாதியாக, சுகமில்லை, காயம், ஆஸ்பத்திரி என்று படிப்படியாகத்தான் இறக்குவோம். ஆறுமுகம் குனிந்த தலையோடு சொன்னது எனக்கும் அரைகுறையாகக் கேட்டது. "மச்சானுக்குக் காலில சின்னக் காயமாம். ஆசுப்பத்திரியில இரிக்காராம்." எத்தனையோ சாவீட்டுக்கு இதே வசனத்தைக் கொண்டுபோய்ச் சொன்னவர் மாமா. அவருக்கு அதற்கு மேல் எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. உள்ளே வந்து என் தலையில் கையை வைத்து, "தங்கச்சி, அவருக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்" என்றார். சின்னக் காயம் படலையைத் தாண்டி வீட்டுக்குள் வருவதற்குள் இப்படியாகிவிட்டது. நான் நிலத்தில் விழுந்தேன்.

மற்றது சிரிப்புக் கதையில் நீ கேட்டதுதான். என் அழுகை கேட்டு அயல் பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். வாசலில் கிடுகுப் பந்தல் எழும்பியது, வேலியில் வெள்ளைச் சீலை கட்டினார்கள். பாலத்தடியில் இருந்து யாரோ ஓடிவந்து, "வண்டியில கொண்டு வாறாங்க" என்றார்கள். கொள்ளி வைக்க வேண்டியவன் நீ. கிணற்றடியில் உன்னை இருத்தித் தலை மழிக்கத் தொடங்கினார்கள். நீ அழவில்லை, "கத்தி குளிருது" என்று மட்டும் சொன்னாயாம்.

மாட்டுவண்டி பந்தலுக்கு முன்னால் நின்றது. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, வைக்கோலில் சாய்ந்து இருந்த உன் அப்பா, வண்டிக்காரரைப் பார்த்து, "ஆர்ர வீட்டுச் சாவு?" என்று கேட்டார். ஒப்பாரி நடுவில் அறுந்து போனது. நான் எழும்பி ஓடி அவருடைய சேட்டைப் பிடித்து உலுப்பி, "எங்க போன நீங்க, எங்க போன" என்று கேட்டபடி அடித்தேன். புருசனை ஊர் பார்க்க அடித்த ஒரே நாள் அதுதான். அவர் என்னைப் பிடித்துக்கொண்டு, பந்தலைப் பார்த்தார், வெள்ளைச் சீலையைப் பார்த்தார், கிணற்றடியிலிருந்து ஓடிவந்த உன்னைப் பார்த்தார். "இவன்ட தலைக்கு என்ன நடந்த?" என்றார். சனம் சிரித்தது, அழுதது, மாமா பந்தல்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கினார். உள்ளே கொண்டுவந்து படுக்க வைத்ததும் அப்பா ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். "ஊசிய ஆர் அசைச்ச? ஆறுமுகத்திட்டச் சொல்லித்தானே விட்டன், மச்சான் எண்ட ரேடியோவில கை வைக்கப்படாது எண்டு."

அங்கேதான் எனக்கு விசயம் பிடிபட்டது. அடுத்த முறை தயிரோடு வந்தபோது ஆறுமுகத்தைப் பிடித்தேன். "ரேடியோக் கதைய ஏன் எங்களிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன். "அப்பிடியான நேரத்தில ரேடியோக் கதை சொல்றது மரியாதை இல்லயே புள்ள, அதான் விட்டுட்டன்" என்றார். நல்ல மனிதர், பொய் ஒன்றும் சொல்லவில்லை. தேவையில்லாதது என்று ஒன்றை விட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒன்றை அவர் சொல்லியிருந்தால் எனக்கு உடனே விளங்கியிருக்கும். சாகக் கிடக்கிறவர் மச்சான் ரேடியோவில் கைவைப்பான் என்று கவலைப்பட மாட்டார். அது என் புருசன் நல்ல உசாராக இருந்து புறுபுறுக்கிற கதை.

இனி வருவது, சிரிப்புக் கதையில் நாங்கள் சொல்லாத பகுதி. அன்றைக்குச் சனம் சிரித்து ஓய்ந்ததும் அப்பா, "சின்னத்துர போயிட்டான்" என்றார். சூடு அடிக்க வந்தவன், அவருக்குப் பக்கத்தில் நின்றவன், களத்திலேயே விழுந்துவிட்டான். அப்பாவின் காலில் ஹெலியிலிருந்து வந்த சன்னம் உரசிக்கொண்டு போனது. வேறு யாருக்கும் எதுவும் இல்லை, அந்த வயலில் முகாமும் இல்லை. பின்னேரம் அப்பா ஊசியைத் தன் இடத்துக்குத் திருப்பிக் கேட்டார். பலர் கொல்லப்பட்டார்கள் என்றே அது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது. கொழும்பு ரேடியோவில் யாருமே சாகவில்லை. ஒருவன் செத்தான் என்பது இரண்டு ரேடியோவுக்கும் உதவவில்லைப் போல. யாரும் சாகவில்லை என்பவனுக்கு அது கூடுதல், பலர் செத்தார்கள் என்பவனுக்கு அது குறைவு. "எண்ட ரேடியோவும் அவன்ட பேரச் சொல்லல்ல" என்று அப்பா சொன்னார். அப்படி ஒரு குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. இந்தக் கதையை அவர் எங்கே சொன்னாலும் சின்னத்துரையின் பேரைச் சொன்ன பிறகுதான் பந்தலுக்கு வருவார், நீ கவனித்திருப்பாய்.

அடுத்த நாள் காலையில் உன்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், காலை நீட்டிக்கொண்டு கல்லில் இருந்து, உன் தலையின் மற்றப் பாதியைத் தன் கையாலேயே மழிக்கப் பார்த்தார். "எனக்காக மழிச்ச தல, நானே முடிக்கிறன்" என்றார். நீ விடவில்லை. அப்பா வந்துவிட்டார் என்பதற்கு அந்தப் பாதி முடிதான் அடையாளம் என்று நினைத்தாயோ என்னவோ, தலையைக் கையால் பொத்திக்கொண்டு ஓடினாய். அப்படியே பள்ளிக்கூடமும் போனாய். அப்பாவும் மாமாவும் திருந்திவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. அடுத்த மாதமே பழைய சண்டை தொடங்கிவிட்டது, தேத்தண்ணியும் ஆறிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது நீ ஒரு வாத்தியார். பிள்ளைகள் உன்னிடம் எது மெய் என்று கேட்பார்கள். உன் மாமனார் வீட்டில் காட்டு ரேடியோதான் பேசும், அவர்களுக்கு அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் தலைக்கு மேலேதான் ஹெலி பறக்கிறது. அவர்களுடைய ரேடியோவைக் கேலி செய்யாதே, மாமனாரோடு நியாயம் பிளக்காதே. ஆனால் அப்பா தந்த ரேடியோவின் ஊசியை எல்லா இடத்துக்கும் கொண்டுபோ. எவன் சொன்னான் என்று கேட்பதோடு நிற்காமல், அவன் எங்கே நின்று பார்த்தான் என்றும் கேள். ஒருவர் வந்து செய்தி சொன்னால், "வேற என்ன சொன்னவர்?" என்று இன்னொருமுறை கேள். நம் ஆட்கள் விட்டுவிடுகிற துண்டுக்குள்தான் பலமுறை மெய் கிடக்கிறது. உனக்கு மிகவும் பிடித்த செய்தியைக் கேட்கிறபோது, அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு பொய்ப் பெட்டிக்கு முன்னால் நின்ற உன் அம்மாவை நினைத்துக்கொள். பாசம் வைத்தவர்கள் சொல்கிற செய்தியில் இன்னும் கவனமாக இரு. கெட்ட எண்ணத்தோடு திரிக்கிறவனை ஒரு நாளைக்குப் பிடித்துவிடலாம். உன் மனம் நோகக் கூடாதென்று திரிக்கிறவர்களைப் பிடிப்பது கஷ்டம், அவர்கள் உன் சொந்தக்காரர்.

அப்பா கண்ணை மூடியிருந்தவர், இப்போது திறந்து, "இவ்வளவு நேரமா என்ன எழுதிற புள்ள?" என்று கேட்கிறார். நீங்கள் சாகவில்லை என்று எழுதுகிறேன் என்றேன். "அதுக்கு இவ்வளவு தாளா?" என்கிறார். அவர் சொன்னதை ஒன்றும் வெட்டாமல், ஆறுமுகம் விட்ட பிழையை விடாமல், எழுதுகிறேன். டொக்டர் உப்பை நிற்பாட்டச் சொன்னதிலிருந்து நான் சமைப்பது மாட்டுக்கும் ஆகாதாம். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் விடிய விடியக் குறட்டை விட்டு இவரைக் கொல்லப் பார்த்தாராம், நெஞ்சு நோவைவிட அதுதான் பெரிய வருத்தமாம். பிறகு இதையும் எழுதச் சொன்னார்: "ரேடியோவைத்தான் அவனுக்குக் குடுத்தன், தோல் உறையக் குடுக்கல்ல. வழியில தூசி படாமத்தான் போட்டு விட்டன். உறைய அவன் வெச்சுக்கொண்டான். பாலம் திறந்து வரேக்க கொண்டு வரச் சொல்லு. ஊசி இப்ப எங்க நிக்குதெண்டும் கேளு." நீ கலியாண மாப்பிள்ளை என்ற இரக்கம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்.

இதைவிடப் பெரிய சாட்சி என்னிடம் இல்லை, ராசா. அவருக்கு நெஞ்சில் வருத்தம் இருக்கிறது, அது மெய். கவனமாக இருந்தால் கனகாலம் இருப்பார் என்று டொக்டர் சொன்னார், அதுவும் மெய். இனிமேல் நான் சின்னக் காயம் என்று எழுதினால் அது சின்னக் காயம்தான். பெரிதென்றால் பெரிதென்றே எழுதுவேன், ஆம்பிளை யாரையும் படலைக்கு வெளியே கூப்பிட மாட்டேன். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், தோணியில் ஏறாதே. இன்னொரு பந்தல் இந்த வாசலில் எழும்பினால், ஆர்ர வீட்டுச் சாவு என்று வண்டியில் இருந்து கேட்க இன்னொருமுறை யாரும் வரமாட்டார்கள்.

பாதிரியார் திரும்பி வருகிறபோது அவரிடம் பதில் கொடுத்துவிடு. அதில் நான் சுகம் என்று மட்டும் எழுதி அனுப்பாதே, எனக்கு அது போதாது. மாமியாரின் குழம்பில் புளி கூடுதல், கட்டில் ஆடுகிறது, நுளம்பு பிடுங்கித் தின்கிறது, பிள்ளைகள் வீட்டுக் கணக்குச் செய்து வருவதில்லை என்று புறுபுறுத்து எழுது. அதை வாசித்தால்தான் நீ அங்கே நன்றாக இருக்கிறாய் என்று நான் நம்புவேன்.

உன் முறைப்பாடுகளுக்காகப் படலையில் காத்திருக்கும்,
அம்மா